மீடியம் தலைக்கு ஒரு ஹெட்போன்

அந்த ஹெல்மெட் தொழிற்சாலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசல் காவலாளியிலிருந்து முதலாளி வரை எல்லாருக்கும் அவர் மீடியம்தான். "மீடியம் வந்தாச்சா?", "மீடியம் சாப்பிடப் போயிருக்காரு" என்றுதான் பேச்சு நடக்கும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் இது அவருடைய உடல்வாகைப் பற்றிய கிண்டல் என்று நினைத்து முதல் வாரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அப்புறம் யாராவது அவர்களைப் பரிசோதனை அறைக்கு அழைத்துப்போய், மேசை மேல் திருகி வைத்திருக்கும் அலுமினியத் தலையைக் காட்டுவார்கள். அதோடு சிரிப்பு அடங்கிவிடும்.

அது அவருடைய தலை. தொழிற்சாலை தொடங்கிய வருடம், வெளியிலிருந்து வரவேண்டிய மாதிரித் தலைகள் வந்து சேரவில்லை. முதலாளிக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. தொழிலாளிகளை வரிசையில் நிறுத்தி, நாடாவைப் பிடித்து ஒவ்வொரு தலையாக அளந்தார். சின்னத் தலைக்குப் பேக்கிங் பிரிவில் இருந்த ஒரு அக்கா, பெரிய தலைக்கு ஒரு வேன் டிரைவர், நடுத்தரத்துக்கு இவர். ஐம்பத்தேழு சென்டிமீட்டர், ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூக்கில் இரண்டு உறிஞ்சுகுழலைச் செருகி, தலை முழுக்கச் சாந்து பூசி அச்செடுத்தார்கள். அச்சிலிருந்து மாதிரியை வெளியே எடுக்கும்போது அதன் காதுகள் இரண்டும் உடைந்து கையோடு வந்துவிட்டன. "ஹெல்மெட்டுக்குக் காது எதுக்குய்யா?" என்று முதலாளி கேட்டுவிட்டதால், அலுமினியத்தில் வார்த்தபோது காது இருக்கவேண்டிய இடத்தை வழவழவென்று இழைத்து விட்டார்கள்.

இருபத்து மூன்று வருடமாக அங்கே உற்பத்தியான மீடியம் ஹெல்மெட் ஒவ்வொன்றும் அந்தத் தலையில் ஏறி இறங்கித்தான் வெளியே போயிருக்கிறது. அதை உயரத்திலிருந்து கீழே போட்டார்கள், இரும்புக் குண்டால் அடித்தார்கள், தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். அதெல்லாம் நடக்கும்போது இவர் பக்கத்துக் கூடத்தில் ஹெல்மெட்டுக்குள் ஸ்பாஞ்ச் ஒட்டிக்கொண்டிருப்பார். அதுதான் அவர் வேலை. சாலையில் ஹெல்மெட் போட்டவர்களைப் பார்த்தால் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி அவருக்கு முகம் மலர்ந்துவிடும். கல்யாணமான புதிதில் மனைவியைத் தொழிற்சாலைக்கு அழைத்துப்போய் அந்தத் தலையைப் பெருமையாகக் காட்டினார். அவள் இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது எதுத்துப் பேசாதுல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

அவர்களுக்கு ஒரே மகள். படித்து முடித்து, தூரத்தில் ஒரு பெரிய நகரத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு ஹெட்போன் வாங்கி அனுப்பினாள். கூடவே வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு லாரி ஓட்டும் கேமையும் போட்டுக் கொடுத்தாள். ஞாயிறு தவறாமல் மத்தியானம் மூன்று மணிக்கு அவள் அங்கிருந்து ஒரு லாரியை எடுப்பாள், இவர் இங்கிருந்து ஒரு லாரியை எடுப்பார். இரண்டு லாரியும் முன்னும் பின்னுமாக ஏதோ கற்பனை நெடுஞ்சாலையில் மரக்கட்டையும் பால்பவுடரும் ஏற்றிக்கொண்டு போகும். லாரி ரேடியோவில் அவள் போடும் பாட்டு இரண்டு பேருக்கும் கேட்கும். பாட்டுக்கு நடுவே பேச்சு. வாரத்தில் மற்ற ஆறு நாளும் அவருக்கு அந்த மூன்று மணியை நினைத்துத்தான் ஓடின.

சிக்கல் என்னவென்றால், அந்த ஹெட்போன் காதை நசுக்கியது. அது காதை மூடாமல் காது மேலேயே ஏறி உட்காரும் ரகம். போதாததற்கு, அவர் கண்ணாடி போடுகிறவர். கண்ணாடிக் காம்பு கீழே, காது நடுவே, ஹெட்போன் மேலே என்று ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி, இருபதாவது நிமிடம் காது சுடும், முப்பதாவது நிமிடம் விண்விண்ணென்று தெறிக்கும், நாற்பதாவது நிமிடம் மண்டையே பிளந்துவிடும் போலிருக்கும். மகள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்ததை வலிக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? "சரிம்மா, அப்பாவுக்குக் கொஞ்சம் வேலை இருக்கு" என்று சொல்லி எழுந்துவிடுவார். என்ன வேலை என்று அவள் கேட்டால், குழாய் ரிப்பேர் என்பார். ஐந்து மாதத்தில் அந்த வீட்டுக் குழாய் பதினோரு முறை ரிப்பேரானது.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஸ்பாஞ்ச் ஒட்டிக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து செய்தி வந்தது. "அப்பா, இந்த ஞாயிறோட கேமை நிறுத்திக்கலாம்னு நினைக்கிறேன். உங்களுக்குப் போரடிக்குதுன்னு தெரியுது. எனக்காகக் கஷ்டப்பட்டு உக்கார வேணாம்." அவர் அதை நான்கு தடவை படித்தார். அன்றைக்கு ஒட்டிய ஸ்பாஞ்சில் ஏழு தலைகீழாக இருந்ததாக ஆய்வில் திரும்பி வந்தன.

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே ஹெட்போன் கடைக்குப் போனார். டயர் கடைக்கு மேலே மாடியில் இருந்த சின்னக் கடை அது. நடத்துகிறவர் ஐம்பது வயதுப் பெண்மணி. கழுத்தில் ஒரு ஹெட்போனைத் தொங்கவிட்டுக்கொண்டு, முன்னால் இன்னொரு ஹெட்போனைப் பிரித்துப் போட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"மீடியம் சைஸ்ல ஒரு ஹெட்போன் காட்டுங்க" என்றார் மீடியம்.

"ஹெட்போன்ல சைஸெல்லாம் கிடையாது சார். பட்டையை இழுத்தா பெரிசு, தள்ளினா சின்னது."

"எல்லார் தலைக்கும் ஒண்ணேவா?"

"ஒண்ணேதான்."

தன் பிழைப்பையே யாரோ கேலி செய்த மாதிரி அவருக்குச் சுருக்கென்றது. மூன்று அளவுத் தலைக்காக ஒரு தொழிற்சாலையே பாடுபடும்போது, இங்கே பட்டையை இழுத்து விடுகிறார்களாம். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமையை நினைத்து அடக்கிக்கொண்டார்.

"பாட்டுக்கா சார், கேமுக்கா?" என்று கேட்டார் கடைக்காரம்மா.

"ரெண்டுக்கும். ஆனா முக்கியமா என் பொண்ணு பேசறது கேக்கணும்."

கடைக்காரம்மா மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பாக, கனமாக, இடுக்கி மாதிரி இறுகப் பிடிப்பது. இன்னொன்று காது மேல் உட்காரும் சின்னது. மூன்றாவது சாம்பல் நிறத்தில், துணி மெத்தை போட்டு, எடையே இல்லாமல் இருந்தது. "கண்ணாடி போடறவங்களுக்கு இதுதான் சார் தோது. காதை முழுசா மூடணும், ஆனா காதைத் தொடக்கூடாது. கனம் இருக்கக் கூடாது. துணி மெத்தைன்னா கண்ணாடிக் காம்புக்கு வழி விடும், வேர்க்கவும் வேர்க்காது. மைக்கும் நல்ல மைக்கு" என்று அடுக்கினார்.

மீடியம் எதையும் காதில் வாங்கவில்லை. அவருக்குத் தெரிந்த சோதனை ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு, இடுப்பை வளைத்துக் குனிந்து, தலையை வலதும் இடதுமாக வெடுக் வெடுக்கென்று ஆட்டினார். வாசலில் ஏறி வந்துகொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர் அப்படியே திரும்பி இறங்கிப் போய்விட்டார். கறுப்பு அசையவே இல்லை. சாம்பல் நிற ஹெட்போன் முதல் ஆட்டத்திலேயே பறந்து போக, கடைக்காரம்மா பாய்ந்து பிடித்தார்.

"சார், இது உக்காந்து பாட்டு கேக்கறதுக்கு. நீங்க என்ன, குதிரை மேல போய்க்கிட்டா கேப்பீங்க?"

"நல்லது எதுன்னு சோதனை பண்ணாத்தாங்க தெரியும். எங்ககிட்ட அதுக்கு முறை இருக்கு" என்றார் அவர் கம்பீரமாக. தொழிற்சாலை அடையாள அட்டையை அடமானம் வைத்துவிட்டு மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில் பரிசோதனை அறை நிரம்பி வழிந்தது. தர ஆய்வு சூப்பர்வைசர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்தார். மனிதர்களை நம்பாத மனிதர் அவர். "மனுஷன் சொல்றது சாட்சியே இல்ல. இன்னைக்கு நல்லா இருக்குன்னுவான், நாளைக்கு வலிக்குதுன்னுவான். மோல்டு பொய் சொல்லாது" என்பது அவர் கட்சி. மோல்டு என்று அவர் சொன்னது மேசை மேலிருந்த அலுமினியத் தலையை. அதன் சொந்தக்காரர் பக்கத்திலேயே உயிரோடு நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கும் அதில் குறையொன்றும் தெரியவில்லை.

முதலில் சின்ன ஹெட்போனை மாட்டினார்கள். உட்கார இடமில்லாமல் அது வழுக்கி விழுந்தது. 'நிற்க மறுக்கிறது' என்று எழுதிக்கொண்டார்கள். சாம்பல் நிறத்தை மாட்டித் தலையைச் சாய்த்ததுமே அதுவும் விழுந்தது. அதற்கு ஒரு சிவப்பு அட்டை கட்டினார்கள். அட்டையில் 'தளர்வு. நிராகரிக்கப்பட்டது' என்று கொட்டை எழுத்து. கடைசியாகக் கறுப்பு. தலைகீழாகத் தொங்கவிட்டார்கள், விழவில்லை. கொக்கி போட்டு எடை கட்டினார்கள், விழவில்லை. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தும் அது விடவில்லை. கூட்டம் கைதட்டியது. கடைசியில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பித்தான் அதைக் கழற்ற முடிந்தது.

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு" என்று அறிவித்தார் சூப்பர்வைசர்.

கூட்டத்தின் பின்னாலிருந்து பேக்கிங் அக்கா, அதாவது சின்னத் தலைக்காரி, குரல் கொடுத்தார். "ஏன் தம்பி, இந்தத் தலைக்குக் காதே இல்லையே?"

எல்லாரும் சூப்பர்வைசரைப் பார்த்தார்கள்.

"காது நம்ம தரப் பட்டியல்ல இல்லக்கா" என்றார் அவர். எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மீடியமும்தான் ஆட்டினார். 'மீடியம் தலைக்குப் பொருத்தமானது' என்று ஒரு சான்றிதழில் முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சான்றிதழைக் கம்ப்யூட்டர் மேல் சாய்த்து வைத்துவிட்டு, கறுப்பு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பழைய ஹெட்போன் நாற்பது நிமிடத்தில் செய்த வேலையை இது பன்னிரண்டே நிமிடத்தில் செய்து முடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

அந்தப் பக்கமாக வந்த மனைவி நின்று பார்த்தாள். "ஏங்க, கண்ணுல தண்ணி நிக்குது. பாட்டு அவ்வளவு உருக்கமா?"

"வலிக்குது."

"வலிச்சா கழட்டுங்களேன்."

"வலிக்காது. சர்ட்டிபிகேட் இருக்கு."

"அப்ப அந்த சர்ட்டிபிகேட்டையே காதுல மாட்டிக்கங்க" என்றாள். அவரால் தனியாகக் கழற்ற முடியாததால் அவளும் கை கொடுத்தாள்.

ஹெட்போனில் குற்றமில்லை என்று முத்திரையே சொல்கிறது. அப்படியானால் குற்றம் எங்கே? மேசை இழுப்பறையிலிருந்து அளவு நாடாவைத் தேடி எடுத்து வரச்சொல்லி, மனைவியை அளக்கச் சொன்னார். அவள் அவர் நெற்றியைச் சுற்றி நாடாவைப் பிடித்துப் படித்தாள். நம்பாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். ஐம்பத்தொன்பதரை.

"நீங்க லார்ஜுங்க" என்றாள்.

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. இருபத்து மூன்று வருடத்தில் தலை எப்போது வளர்ந்தது, எந்தத் திருட்டு நேரத்தில் வளர்ந்தது என்று ஒன்றும் புரியவில்லை. சனிக்கிழமை காலை சூப்பர்வைசர் முன்னால் போய், குற்றவாளி மாதிரி நின்று உண்மையைச் சொன்னார். தன்னால் தொழிற்சாலைக்கே கெட்ட பெயர் வந்துவிடுமோ என்று கேட்டார்.

சூப்பர்வைசர் சற்றும் அசரவில்லை. "மோல்டு ஐம்பத்தேழுதானே?"

"ஐம்பத்தேழுதான் சார்."

"அப்ப தரத்துல ஒரு குறையும் இல்ல. மீடியம் சரியாத்தான் இருக்கு. மாறினது நீங்கதான்." அப்புறம் கொஞ்சம் கனிவாக, "இனிமே மோல்டு பக்கத்துல நிக்காதீங்க. பாக்கறவங்களுக்குக் குழப்பமாயிடும்" என்றார்.

இருபத்து மூன்று வருடம் மேசை மேலிருந்ததைத் தன் தலை என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு, அது தன்னை எப்போதோ கழற்றிவிட்டுவிட்டது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அழுகை வரும் போலிருந்தது. வரவில்லை. அவருக்கு ஞாயிற்றுக்கிழமைக் கவலையே தலைக்கு மேல் இருந்தது.

ஞாயிறு மத்தியானம் இரண்டரை மணிக்கு மூன்று ஹெட்போனையும் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். கடையில் ஈ காக்கை இல்லை. கடைக்காரம்மா ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் தொங்கிய சிவப்பு அட்டையைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது.

"நிராகரிக்கப்பட்டதா? யாரு நிராகரிச்சா?"

"என் தலை."

"இந்தத் தலையா?"

"இல்ல. பழைய தலை" என்றவர், அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அச்சு, காது, சான்றிதழ், ஐம்பத்தொன்பதரை, மகளின் செய்தி எல்லாவற்றையும். கடைக்காரம்மா சிரிக்காமல் கேட்டார். அதற்கு எவ்வளவு பாடுபட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

"சார், தலையை விடுங்க. மோல்டையும் விடுங்க. விழாம இருக்கறதுதான் ஹெல்மெட்டுக்கு அழகு. ஹெட்போனுக்குப் போட்டிருக்கறதே தெரியக்கூடாது. ரெண்டு மணி நேரம் போட்டு உக்காந்தாத்தான் அது தெரியும். மூணு மணிக்குப் பொண்ணு வரும்னீங்கல்ல? அந்தக் கேம் என் கம்ப்யூட்டர்லயும் இருக்கு. இங்கயே உக்காந்து ஓட்டுங்க."

சிவப்பு அட்டையோடு கூடிய சாம்பல் ஹெட்போனையே அவர் தலையில் வைத்தார். மீடியம் தன் கேம் கணக்கைத் திறந்து லாரியை எடுக்கும்போது மணி சரியாக மூன்று. மகளின் லாரி கிடங்கு வாசலில் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தது.

"அப்பா, கடைசி ட்ரிப்பு. என்ன ஏத்தலாம்?"

"ஃப்ரிட்ஜ் ஏத்து" என்றார், ஏதோ தோன்றியதை.

போனார்கள். அவள் பாட்டுப் போட்டாள். இந்தப் பாட்டில் புல்லாங்குழல் இருக்கிறது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. ஐந்து மாதமாக அதே பாட்டைக் கேட்டு வந்தவருக்கு அன்றுவரை தன் காது துடிக்கும் சத்தம்தான் பாட்டைவிடப் பெரிதாகக் கேட்டிருந்தது. இருபது நிமிடம் போயிற்று, காது சுடவில்லை. முப்பது போயிற்று, தெறிக்கவில்லை. அலுவலகத்தில் புது நாற்காலி போட்டதைப் பற்றி அவள் சொன்னாள், அம்மாவின் முழங்காலைப் பற்றிக் கேட்டாள். பாலத்தைத் தாண்டியபோது மணி மூன்று நாற்பது. அவர் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

"சரிம்மா, அப்பாவுக்குக் கொஞ்சம் வேலை இருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. நல்ல ஹெட்போன் என்பதால் அந்த மூச்சு எவ்வளவு இறங்கிப் போனது என்பதும் கேட்டது.

"சரிப்பா" என்றாள் அவள். "போயிட்டு வாங்க."

"இல்ல, இல்ல. வேலை ஒண்ணும் இல்ல." ஸ்டூல் ஆடும்படி நிமிர்ந்து உட்கார்ந்தார். "குழாய் எதுவும் ரிப்பேர் ஆகல. ஒரு தடவைகூட ஆகல. நீ வாங்கிக் குடுத்த ஹெட்போன் காதை நசுக்கிடுச்சும்மா. நாப்பது நிமிஷத்துக்கு மேல தாங்க முடியல. சொன்னா நீ வருத்தப்படுவேன்னு சொல்லல."

"அஞ்சு மாசமாவா?"

"அஞ்சு மாசமா."

அவள் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் அவள் லாரி வேலியை உடைத்துக்கொண்டு ஒரு சோளக்காட்டுக்குள் போய் நின்றது. இவரும் பின்னாலேயே போய் நிறுத்தினார். இவர் சிரித்த சத்தத்தில் கடைக்காரம்மா திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார். இரண்டு லாரியும் காட்டிலிருந்து பின்வாங்கிச் சாலைக்கு வந்தன. நாற்பது நிமிடத்துக்குப் பிறகு என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அங்கே அவர் போனதே இல்லை.

"அப்பா."

"சொல்லும்மா."

"வாராவாரம் ஒண்ணு சொல்லணும்னு நினைப்பேன். சொல்லலாம்னு வாயெடுக்கும்போது நீங்க எழுந்து போயிடுவீங்க." ரேடியோவை நிறுத்தினாள். "எனக்கு இங்க யாரையும் தெரியாதுப்பா. ஆபீஸ்ல குட் மார்னிங், லிஃப்ட்ல எத்தனாவது மாடின்னு கேக்கறது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரூமுக்கு வந்தா ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குத்தான் மறுபடி வாயைத் திறப்பேன். என் குரல் சரியா இருக்கான்னு மொதல்ல இருமிப் பாத்துட்டுத்தான் உங்ககூடப் பேசவே ஆரம்பிப்பேன்."

அவள் ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் இருமியதை அவர் கேட்டிருக்கிறார். குளிரினால் இருக்கும், வெந்நீர் குடி என்று சொல்லியிருக்கிறார். இப்போது அவருக்குத் தாங்க முடியாத வெட்கமாக இருந்தது. காது வலிக்குப் பயந்து பதினோரு முறை குழாயைச் சாக்குச் சொல்லி, பெற்ற பிள்ளையை அந்த அறையில் தனியாக விட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார். அவளைத் தேற்ற ஒரு வார்த்தை தேடினார். அடி தாங்குமா என்று தலைகளைச் சோதிக்கும் இடத்தில் காலம் தள்ளியவருக்கு ஒரு வார்த்தையும் அகப்படவில்லை.

"சரக்கு இறக்கற ஊரு இன்னும் எவ்வளவு தூரம்மா?" என்று கேட்டார் கடைசியில்.

"இருநூறு கிலோமீட்டர்."

"மெதுவாவே போ. திங்கக்கிழமையிலேருந்து ஒவ்வொரு நாளா சொல்லிக்கிட்டே வா. நான் பின்னாடியே வர்றேன்."

அவள் ஒரு தரம் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "திங்கக்கிழமை காலையில பஸ்ஸ விட்டுட்டேன்" என்று ஆரம்பித்தாள்.

ஐந்து மணிக்குக் கடையை அடைக்க வேண்டிய கடைக்காரம்மா கிட்டே வந்து பார்த்தார். அவர் புதன்கிழமையைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரம்மா வாசல் விளக்கை மட்டும் அணைத்துவிட்டு, பிரித்துப் போட்டிருந்த ஹெட்போனை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு லாரியும் மணிக்கு இருபது கிலோமீட்டரில் ஊர்ந்துகொண்டிருந்தன. சரக்கு தாமதமாகிறது என்று திரையில் சிவப்பு எழுத்து விட்டு விட்டு மின்னியது. மின்னட்டும் என்று அப்பாவும் மகளும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.